ரிசைன் லெட்டர்: வாட்ஸாப்பா, ஒன்றரைப் பக்கமா, நாலு வரியா, 24 மணி நேரமா?

போன மாசம் மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த்துல ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்திருந்தோம், என் சித்தி பொண்ணு தே தாரிக்கைக் குடிக்காம போனை என் பக்கம் நீட்டி "அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க, இன்னிக்கு ராத்திரியே பாஸுக்கு அனுப்பணும்"ன்னா. ரிசைன் மெயில், ஒன்றரைப் பக்கம். மூணு வருஷமா பாத்த ஓ.டி., அப்ரைசல்ல குறைச்சுப் போட்ட மார்க், சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கத்துனது, எல்லாமே இருந்துச்சு. கடைசி வேலை நாள் எதுன்னு மட்டும் எங்கயும் இல்ல.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில எச்.ஆர். கிராணியா, அதாவது கிளார்க்கா, 11 வருஷமா இருக்கேன், டெண்டர் பண்றவங்க, அதாவது வேலையை விடுறவங்க லெட்டர் எல்லாம் என் மேசை வழியாத்தான் பைலுக்குப் போகும். அதுல பாத்ததை வச்சுச் சொல்றேன், ரிசைன் லெட்டர்ல முதல்ல தேடுறது தேதியைத்தான். உங்க கடைசிச் சம்பளம், பாக்கி லீவு, புது வேலை ஆரம்பிக்கிற நாள், எல்லாம் அந்த ஒரு தேதியிலதான் தொங்குது.

முதல்ல வாட்ஸாப். இப்ப நிறைய சின்னப் பசங்க இப்படித்தான் அனுப்புறாங்க, "பாஸ், நான் அடுத்த மாசம் வரல"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு மெசேஜ். மலேசியாவோட 1955ம் வருஷ வேலைச் சட்டம், விலகுற நோட்டீஸ் எழுத்துல இருக்கணும்னுதான் சொல்லுது, வாட்ஸாப்பும் எழுத்துதானேன்னு கேப்பீங்க. சரிதான், ஆனா "அடுத்த மாசம்"னா எந்தத் தேதி, பாஸ் போனை மாத்திட்டா அது யார்கிட்ட இருக்கும், எச்.ஆர். பைல்ல எதை வைக்கிறது? பாஸ்கிட்ட "பேசணும், டைம் இருக்கா"ன்னு கேக்க வாட்ஸாப் நல்லது. அதோட நிறுத்திக்கணும்.

பிரிண்ட் எடுத்துக் கையில குடுக்குறதா மெயிலான்னும் கேக்குறாங்க. ஆபீஸ்ல மெயில் இருந்தா மெயிலே போதும். லைன்ல வேலை செய்றவங்க, கம்பெனி மெயில் இல்லாதவங்க, ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல எச்.ஆர். வாங்கிக்கிட்டதா கையெழுத்தும் சாப்பும் (முத்திரை) தேதியும் வாங்கி வீட்டுல பத்திரமா வைங்க.

அடுத்து அந்த ஒன்றரைப் பக்கம். எழுதுறவங்க மனசு எனக்குப் புரியுது, மூணு வருஷம் வாயை மூடிட்டு இருந்துட்டு இப்பவாவது சொல்லிட்டுப் போகணும்னு இருக்கும், அது நியாயந்தான். ஆனா அந்த லெட்டர் போய்ச் சேர்ந்தப்புறம் என்ன நடக்குதுன்னு நான் பாத்திருக்கேன். மேனேஜர் அதுல ரெண்டாவது பாயிண்டுக்கும் அஞ்சாவது பாயிண்டுக்கும் பதில் எழுதுவாரு, இவங்க திருப்பி எழுதுவாங்க, ரெண்டு வாரம் மெயில்லயே சண்டை ஓடும், ஹேண்ட்ஓவர் நடக்காது, கடைசி நாள் அன்னிக்கு யாரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. பினாங்கு சின்ன ஊருங்க, அந்த மேனேஜரே ரெண்டு வருஷம் கழிச்சு உங்க புது கம்பெனிக்கு வந்து உக்காரலாம். மனக்குறையை, போறதுக்கு முன்னாடி எச்.ஆர். கூப்பிட்டுப் பேசுற எக்ஸிட் இன்டர்வியூவுல வாயால சொல்லுங்க, நான் நோட்ஸ் எடுத்திருக்கேன், சில சமயம் அதை வச்சு நிஜமாவே மாத்தியிருக்காங்க.

நாலு வரி மெயில்தான் என் கட்சி. நாங்க இங்க இங்கிலீஷ்லயோ மலாய்லயோதான் அனுப்புவோம், விஷயம் இவ்வளவுதான்:

"நான் பர்சேசிங் அசிஸ்டெண்ட் வேலையில இருந்து விலகுறேன், இந்த மெயிலே என் நோட்டீஸ். ஒப்பந்தப்படி நோட்டீஸ் காலம் இவ்வளவு, அதனால என் கடைசி வேலை நாள் இந்தத் தேதி. அதுக்குள்ள என் வேலையை யார்கிட்ட ஒப்படைக்கணுமோ அவங்ககிட்ட ஒப்படைச்சுடுறேன். இத்தனை நாள் வேலை கத்துக்குடுத்ததுக்கு நன்றி."

காரணம் எழுதணும்னு கட்டாயமே இல்ல. "தயவுசெய்து ஏத்துக்கோங்க"ன்னும் கெஞ்ச வேண்டாம், விலகுறது உங்க உரிமை. ஆனா குடுத்துட்டா குடுத்ததுதான், மனசு மாறிட்டாலும் கம்பெனி சரின்னாதான் திரும்ப எடுக்க முடியும், அதனால கோவத்துல இருக்குறப்ப அனுப்பாதீங்க.

தேதிக் கணக்குலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. முதல்ல ஆபர் லெட்டரைப் பாக்கணும், அதுல எழுதியிருக்குறதுதான் உங்க நோட்டீஸ். அதுல ஒண்ணும் இல்லைன்னாத்தான் சட்டத்துல உள்ளது: ரெண்டு வருஷத்துக்குக் கீழ 4 வாரம், ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள 6 வாரம், அஞ்சும் அதுக்கு மேலயும் 8 வாரம். நோட்டீஸ் குடுக்குற நாளும் கணக்குல சேரும். 2025 ஆகஸ்ட் 4 திங்கக்கிழமை 4 வார நோட்டீஸ் குடுத்தா ஆகஸ்ட் 31, மெர்டேக்கா (சுதந்திர தினம்) அன்னிக்கு முடியும். ராத்திரி 12 தாண்டி அனுப்புனா செப்டம்பர் 1.

என் தங்கச்சி ஆபர் லெட்டரைத் திறந்து பாத்தா கன்பர்ம் ஆனவங்களுக்கு ரெண்டு மாசம்னு போட்டிருக்கு. அவ கூட வேலை செய்றவங்க சொன்னதைக் கேட்டு ஒரு மாசம்னு நெனச்சு, புது கம்பெனிக்கு அடுத்த மாசம் முடிஞ்ச உடனே வரேன்னு வாக்குக் குடுத்துட்டா. முகம் வாடிப்போச்சு. "அப்ப 24 மணி நேர நோட்டீஸ் குடுத்துடவா அக்கா?"

அந்த 24 மணி நேரம்ங்குறது நாம பேச்சுல சொல்றது. நோட்டீஸ் இல்லாம போகலாம், ஆனா அந்த நோட்டீஸ் நாளுக்கு உண்டான சம்பளத்தை நீங்க கம்பெனிக்குக் கட்டணும். அவ சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டு மாசம்னா 5,600. ஒரு மாசம் வேலை செஞ்சு மிச்சத்துக்கு மட்டும் கட்டுனாலும் 2,800. சில புது கம்பெனி அந்தக் காசைத் தானே கட்டும், கேட்டுப் பாக்கலாம், கட்டுனா இந்த வழி மோசமில்ல. கட்டாம சொல்லாம நின்னுடுறதுதான் ரொம்பக் கெடுதல், லீவு சொல்லாம, தகுந்த காரணம் இல்லாம தொடர்ந்து ரெண்டு வேலை நாளுக்கு மேல வரலைன்னா ஒப்பந்தத்தை நீங்களே முறிச்சதா எடுத்துக்கலாம்.

இந்த நாலு வரிக்கு ஒரே ஒரு விலக்கு இருக்கு, அதைச் சொல்லாம விட எனக்கு மனசு வராது. உங்களா போகல, போக வைக்கிறாங்கன்னா நாலு வரி எழுதாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணனை ரூமுக்குள்ள கூப்பிட்டு, டைப் பண்ணி வச்ச லெட்டரை முன்னாடி தள்ளி, இதுல கையெழுத்து போடு, இல்லைன்னா டெர்மினேட்னு ரெக்கார்டுல ஏறும்னு சொன்னாங்க. லெட்டர்ல "சொந்தக் காரணம்"னு இருந்துச்சு. ரெண்டு பிள்ளைங்க படிக்குது, பயத்துல போட்டுட்டாரு. அப்புறம் பெர்கேசோவுல (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எஸ்.ஐ.பி. காசு, அதாவது வேலை போனவங்களுக்கான காப்புறுதிக் காசு கேக்கப் போனா தானா விலகுனவங்களுக்குக் கிடையாதுன்னுட்டாங்க, லெட்டர் அப்படித்தானே சொல்லுது. அந்த மாதிரி நேரத்துல அங்கயே கையெழுத்து போடாதீங்க, ஒரு நாள் டைம் கேளுங்க. யார் என்னைக்கு என்ன சொன்னாங்கன்னு தேதியோட அன்னிக்கே எச்.ஆருக்கு மெயில் எழுதுங்க, இங்கதான் நீள மெயில் வேணும். தொழிலியல் உறவு இலாகாவுல புகார் குடுக்க 60 நாள்தான், எஸ்.ஐ.பி. விண்ணப்பத்துக்கும் 60 நாள்தான்.

என் தங்கச்சிக்கு அப்படி ஒண்ணும் இல்ல, நல்ல வேலை கெடச்சுப் போறா. அந்த ஒன்றரைப் பக்கத்தை அழிக்கச் சொல்லல, தனியா சேவ் பண்ணி வைன்னேன். மறுநாள் புது கம்பெனிக்குப் போன் பண்ணி ரெண்டு மாசம்னு உண்மையைச் சொன்னா, அவங்க சேர்ற நாளைத் தள்ளி வச்சுக் குடுத்தாங்க. திங்கக்கிழமை காலையில பசியாறிட்டு வந்த பாஸை ரூம்ல பாத்து முதல்ல வாயால சொல்லிட்டு, 9:10க்கு நாலு வரியை அனுப்புனா, எச்.ஆருக்கு ஒரு காப்பி, சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி, ஏன்னா கடைசி நாள் சாயங்காலம் கம்பெனி மெயிலை மூடிடுவாங்க. பாஸ் பத்து நிமிஷத்துல பதில் போட்டாரு, ஒரே வரி, அதுலயும் அந்தத் தேதியைத்தான் திரும்ப எழுதியிருந்தாரு.