“கொஞ்ச நாளாவே ஈரம் இருந்ததா சார்?” என்று சர்வேயர் கேட்டால்

வீட்டுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஒன்பது வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் பிரீமியம் கட்டினேன். முதன்முறையாக க்ளெய்ம் கேட்டபோது கையை விரித்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் பிடித்துக்கொண்டது என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வார்த்தையை.

குளியலறைச் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் ஒருநாள் ராத்திரி வெடித்துவிட்டது. விடிகாலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். படுக்கையறை மர அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பிப்போய், கதவு திறக்கவே வரவில்லை. சுவரைத் தட்டினால் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மெயின் வால்வை மூடி, பிளம்பரை வரவழைத்து, சுவரை உடைத்துக் குழாயை மாற்றினோம். வெடித்த துண்டை அவர் மற்ற உடைசலோடு சாக்கில் போட்டு எடுத்துப் போனார். நான் தடுக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு போன் செய்தபோதும் “வேலையை ஆரம்பிச்சிடுங்க, சர்வேயர் வருவார்” என்றுதான் சொன்னார்கள். எதையும் எடுத்துவைக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்புகிறவர், வந்தார். தன்மையாகப் பேசினார். மொத்தம் இருபது நிமிடம் இருந்திருப்பார். அலமாரிக்குப் பின்னால் கறுத்திருந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டே, “கொஞ்ச நாளாவே இங்க ஈரம் இருந்ததா சார்?” என்று கேட்டார். அலமாரியை நகர்த்திப் பார்த்ததே இல்லை என்பதால், “இருந்திருக்கலாம், நாங்க கவனிக்கலை” என்றேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நாட்பட்ட கசிவால் படிப்படியாக ஏற்பட்ட சேதம், பாலிசியில் இதற்கு விலக்கு உண்டு, எனவே க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் திடீரென்று, எதிர்பாராமல் நடந்த சேதத்துக்குத்தான் பணம் தரும். மெல்ல மெல்லக் கசிந்தது, துருப்பிடித்தது, பூஞ்சை, கரையான், பராமரிக்காமல் விட்டது இதெல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். அதே சுவர், அதே தண்ணீர்தான். ஒரே ராத்திரியில் வந்ததா, மாதக்கணக்கில் வந்ததா என்பதை வைத்துப் பதில் தலைகீழாக மாறிவிடுகிறது. அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, “நீண்ட நாளாக ஈரம் இருந்ததை வீட்டுக்காரர் உறுதிப்படுத்தினார்” என்று இருந்தது. நான் எங்கே உறுதிப்படுத்தினேன்? ‘இருந்திருக்கலாம்’ எப்படி ‘இருந்தது’ ஆனது? அடுத்த வரியில், பழுதான குழாய் ஆய்வுக்குக் காட்டப்படவில்லை என்று வேறு எழுதியிருந்தார். அதை அவர் கேட்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன். தெரியாததைக் கேட்டால் “தெரியாது” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரியாதைக்காக ஆமாம் போடாதீர்கள். சர்வேயர் கிளம்பிய கையோடு, என்ன கேட்டார், என்ன சொன்னோம் என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சேதம் மேலும் பரவாமல் தடுப்பது நம் கடமை, பாலிசியிலேயே அப்படித்தான் இருக்கும். ஆகவே தண்ணீரை நிறுத்துவதும் ஒழுகலை அடைப்பதும் தப்பே இல்லை. ஆனால் கை வைக்கும் முன் படம் எடுங்கள், உடைந்த பொருளை வெளியே விடாதீர்கள்.

என் நல்ல நேரம், பிளம்பர் அந்தச் சாக்கை இன்னும் கொட்டவில்லை. குழாய் நீளவாக்கில் ஒரு விரல் அளவுக்குப் பிளந்திருந்தது. பிளந்த ஓரத்தில் பாசியோ கறையோ எதுவும் இல்லை. முந்தைய மாதங்களின் தண்ணீர் பில்களை எடுத்து அடுக்கினேன். எல்லாம் ஒரே அளவு, வெடித்த மாதம் மட்டும் எகிறியிருந்தது. மாதக்கணக்கில் கசிந்திருந்தால் மீட்டர் காட்டாமல் இருக்குமா? மகளின் பிறந்தநாள் படம் ஒன்றில் அதே அலமாரி, அடிப்பலகை நேராக, கதவு திறந்தபடி. இவற்றோடு ஒரு கட்டடப் பொறியாளரின் அறிக்கையையும் சேர்த்து மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். நிராகரிப்பை விலக்கிக்கொண்டார்கள்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், வந்த கணக்கு அடுத்த அடி. வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் அறுபது சதவீதத்துக்குத்தான் நான் காப்பீடு செய்திருந்தேனாம். அதனால் சேதத்திலும் அறுபது சதவீதம்தான். முழு வீடும் போனால்தானே தொகை போதுமா என்ற பேச்சே வரும், ஓர் அறைக்கு எதற்கு என்று சண்டை போட்டேன். ஆனால் குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் அதே விகிதத்தில்தான் பணம் என்கிற குறைகாப்பீட்டு விதி பாலிசியில் இருந்தால், அது சின்னச் சேதத்துக்கும் பொருந்தும். சேதம் 100 என்றால் கைக்கு 60. அதிலும் நாம் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகை கழியும், பழைய பொருளுக்குத் தேய்மானம் வேறு கழியும். பின்பக்கம் ஓர் அறை கூடுதலாகக் கட்டியதை ஏஜென்டிடம் புதுப்பிக்கும்போதே சொல்லியிருந்தேன். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்றார். எழுத்தில் எதுவும் இல்லாததால் அந்தப் பேச்சுக்கு இன்று மதிப்பில்லை. உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நிலத்தின் விலையைச் சேர்க்க வேண்டாம், கட்டடத்தை இன்றைய செலவில் திரும்பக் கட்டும் தொகை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுவில் ஒருவர் வீடு தேடி வந்து, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால் க்ளெய்ம் முழுவதையும் தானே முடித்துத் தருவதாகச் சொன்னார். அனுப்பிவிட்டேன். நீங்களும் போடாதீர்கள்.

கடைசியாக ஒரு ரசீது வந்தது. ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை ஏதும் இல்லை’ என்று அச்சடித்திருந்தது. கேட்டதற்கு, “சும்மா ஃபார்மாலிட்டி சார், போட்டாதான் பணம் வரும்” என்றார்கள். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மீதியைக் கேட்பது பெரும்பாடு. இந்தத் தொகையை ஆட்சேபத்துடன் பகுதியாக மட்டும் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பினேன். பதினோரு நாள் இழுத்தடித்து, வாசகத்தை மாற்றித் தந்தார்கள். அப்புறம்தான் கையெழுத்திட்டேன்.

அலமாரிக்குப் போட்ட தேய்மானம் அநியாயம் என்ற புகார் இப்போது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இருக்கிறது. அங்கே போகவும் கெடு உண்டு. என் விஷயத்தில் நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கடிதம் வந்த உறையைக்கூட, முத்திரைத் தேதி தெரிகிற மாதிரி, பத்திரமாக வைத்திருக்கிறேன்.