மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொடி: ஒரு மதிப்பீடு

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். (பேதியில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்ய வாய்வழியாகக் குடிக்கும் கரைசல்) வேண்டும் என்று கேட்டால், நீரில் கரைக்கும் வெள்ளைப் பொடியும் தருவார்கள், பழச்சுவையுடன் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தையும் நெடுங்காலம் அதே பெயரில் தந்துவந்தார்கள். இங்கே நான் மதிப்பிடுவது முதலாவதை, அதாவது பலர் எலக்ட்ரால் என்று கேட்டு வாங்கும் வகைப் பொடியை. வீட்டில் குழந்தைக்குப் பேதி கண்ட நாட்களில் கைகொடுத்தது இதுதான். இதற்கு நிகரான பயனை இவ்வளவு குறைந்த விலையில் தரும் வேறொரு பொருள் அந்தக் கடையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்தியமைத்த அளவின்படி, ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு ஆகியவை இருக்க வேண்டும். பேதியின்போதும் சிறுகுடல் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கும். அவற்றின் பின்னே நீரும் உடலுக்குள் போகும். சர்க்கரை அளவு மீறினால் நேர்மாறாக நடக்கிறது: குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டுப் பேதி கூடுகிறது. 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பழச்சுவைப் பானத்தைப் பேதியால் வாடும் குழந்தைக்குக் கொடுப்பது தீங்கு என்று சொல்வது இதனால்தான். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இத்தகைய பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கப்படுவதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல் இடம்பெறக் கூடாது என்று உத்தரவிட்டது. மிகவும் தாமதமான உத்தரவு என்பதே என் எண்ணம், ஆனாலும் வரவேற்கத்தக்கது.

பொடியின் திறனுக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

குறை என்று சொன்னால், அது உறையைப் பற்றியது. கரைக்கும் முறை மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. நள்ளிரவில், அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரும் அதைப் படித்துவிட முடியாது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரே தம்ளரில் கொட்டினால் உப்பு ஆபத்தான அளவுக்குக் கூடிவிடும். பாதியை இன்றைக்கு, மீதியை நாளைக்கு என்று பிரித்துக் கரைத்தாலும் அளவு சரியாக அமையாது. ஒரு லிட்டர் குடிநீர் போத்தலை அளவாகக் கொண்டு முழுப் பொட்டலத்தையும் கரைப்பதே பாதுகாப்பானது. பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை எதையும் அதில் சேர்க்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும்.

சுவை லேசான உப்புக் கரிப்பு. குழந்தைகள் முகம் சுளிப்பார்கள் என்பது உண்மைதான். கரண்டி கரண்டியாகக் கொடுத்தால் இறங்கிவிடும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி வரை, அதற்கு மேற்பட்ட வயதுக் குழந்தைகளுக்கு 100 முதல் 200 மில்லி வரை போதும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். இந்தக் கரைசல் நீரிழப்பைத்தான் ஈடுசெய்யும், பேதியை உடனே நிறுத்தாது. அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் கைவிடக் கூடாது. குழந்தைகளுக்கு உடன் தரும் துத்தநாக மாத்திரையையும் பேதி நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெயிலுக்குக் குளிர்ச்சி என்று இதைத் தினமும் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது, ஏனெனில் இதில் உள்ள சோடியமும் பொட்டாசியமும் அவர்களுக்குச் சுமையாகும்.

சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு, 200 மில்லி நீரில் கரைக்கும் சிறிய பொட்டலங்களையே பரிந்துரைக்கிறேன். அளவு தவறும் வாய்ப்பும் வீணாவதும் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாகவே கிடைக்கிறது.