ஹெல்சிங்கி 'ஓடி' நூலகம்: தைக்கப் போகிறவளின் விமர்சனம்

ஃபின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியின் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போனாலே வந்துவிடும் 'ஓடி' (Oodi) என்கிற மத்திய நூலகம். அதைப் பற்றி நம் ஆட்கள் எழுதுவதெல்லாம் கட்டடத்தின் அழகைத்தான். அலை அலையாக வளைந்த கூரை, ஸ்ப்ரூஸ் மரப் பலகை போர்த்திய முகப்பு, நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே திறந்த பெரிய பால்கனி. எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பக்கத்து ஊரான எஸ்போவில் குடியிருக்கிறவள், அங்கே போவது பெரும்பாலும் தைக்க. அதனால் நடுத்தளத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

மொத்தம் மூன்று தளம். நடுத்தளத்தில் ஏறினால் இது நூலகமா பட்டறையா என்று சந்தேகம் வரும். தையல் மெஷின்கள், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின், 3டி பிரிண்டர், லேசர் கட்டர், பேனர் அளவுக்கு அச்சடிக்கும் பிரிண்டர், பாட்டுப் பதிவு செய்ய ஸ்டுடியோ, வீடியோ கேம் அறை, சேர்ந்து சமைக்க ஒரு சமையலறை. ஹெல்சிங்கி, எஸ்போ, வாண்டா, கௌனியாய்னென் நான்கு ஊர்களுக்கும் பொதுவான 'ஹெல்மெட்' என்கிற நூலக அட்டை ஒன்று போதும். அட்டை இலவசம். தையல் மெஷினுக்குக் காசு கிடையாது. 3டி பிரிண்ட், பெரிய அச்சு போன்றவற்றுக்குப் பொருள் செலவு மட்டும் வாங்குகிறார்கள்.

மதியம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும் டிசம்பரில் ஒருநாள் பட்டுச் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கப் போனேன். ஃபால்ஸ் துணியை முதல் நாளே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துப் போயிருந்தேன். கீழ் விளிம்பை மெஷினில் ஓட்டிவிட்டு மேல் விளிம்பை வீட்டில் கைத்தையலாகப் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. சேலை மேசையில் அடங்காமல் தரைக்கு வழிந்தது. அடுத்த மெஷினில் குளிர் கோட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, கேட்காமலே மறுமுனையை அள்ளிக் கையில் பிடித்துக்கொண்டார். என்னுடையது அரைகுறை ஃபின்னிஷ், அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. தையல் எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும், சரிகை ஓரத்தில் ஏன் மெதுவாக ஓட்டுகிறேன், எல்லாவற்றையும் விரலைக் காட்டியே பேசி முடித்தோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் வணக்கத்துக்கு மேல் பேச வாய்க்காத நாட்டில், எனக்கு இது பெரிய விஷயம்.

இந்த நடுத்தளம் தானாக அமைந்ததில்லை. கட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நகரத்து மக்களிடம், "புது நூலகத்தில் என்ன செய்ய ஆசை?" என்று கேட்டிருக்கிறார்கள். கனவு மரம் என்று ஒன்றை வைத்து, ஆசைகளை எழுதித் தொங்கவிடச் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் சேர்ந்தது. அப்புறம் 2012-ல் ஒரு லட்சம் யூரோவை ஒதுக்கி, அதை எந்தச் சோதனைத் திட்டங்களில் செலவிடலாம் என்று மக்களையே முடிவு செய்ய வைத்தார்கள். பட்டறை, ஸ்டுடியோ போன்றவற்றுக்கு ரயில் நிலையத்துப் பக்கம் இருந்த சின்ன நூலகக் கிளைகளிலேயே வெள்ளோட்டம் நடந்தது. எது நெரிசல் தாங்கும், எது தூசி படியும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. கட்டடத்துக்குப் பெயரும் மக்கள் அனுப்பியதிலிருந்தே எடுத்தது. உள்ளே சுழன்று ஏறும் கருப்புப் படிக்கட்டின் சுவரில் வரிசையாகச் சொற்கள் எழுதியிருக்கும். இந்த நூலகத்தை யாருக்குக் காணிக்கை ஆக்கலாம் என்று கேட்டபோது ஊர்க்காரர்கள் சொன்ன பதில்கள் அவை. 2018 டிசம்பர் 5, ஃபின்லாந்து சுதந்திர நாளுக்கு முந்தைய நாள், திறந்தார்கள்.

எல்லா ஊரிலும் கருத்துப் பெட்டி வைக்கிறார்கள். கட்டி முடித்து ரிப்பன் வெட்டிய பிறகு கருத்துக் கேட்டால் நாற்காலியின் நிறத்தைத்தான் மாற்ற முடியும். சுவர் எழும்புவதற்கு முன் கேட்டதால்தான் இங்கே தையல் மெஷினுக்கு ஒரு தளத்தில் இடம் கிடைத்தது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத் திட்டத்தில் சௌனா என்கிற வெந்நீராவிக் குளியல் அறைகூட இருந்தது, பிறகு கைவிட்டுவிட்டார்கள்.

மக்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது, எதையும் வாங்காமல் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரைக் கூட்டிப் போனேன். வெளியே மைனஸ் எட்டு டிகிரி. "இவ்வளவு நேரம் உக்காந்திருக்கோமே, காபி வாங்கலன்னா எழுந்திரிக்கச் சொல்ல மாட்டாங்களாம்மா?" என்று மூன்று தடவை கேட்டார். "இல்ல அத்தை, சும்மா உக்காருங்க" என்றேன். நான் அவர் பேத்தியோடு மேல்தளத்தில் கதைப் புத்தகம் தேடிவிட்டு வருவதற்குள், கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்கும் வயதானவர்கள், கைக்குழந்தையோடு புது நாட்டுக்கு வந்த பெண்கள், இவர்களுக்கு மருந்துச் சீட்டில் எழுதித் தரலாம் இந்த இடத்தை.

குறை உண்டா? உண்டு. மேல்தளம் ஒரே திறந்த கூடம். குழந்தைகள் பகுதியும் படிக்கும் நாற்காலிகளும் ஒரே கூரையின் கீழ்தான், ஆகவே சத்தம் வரும். புத்தகம் சுமார் ஒரு லட்சம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இது குறைவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மற்ற கிளைகளிலிருந்து வரவழைக்கலாம்தான், ஆனாலும் அலமாரியில் தேடி எடுக்கிற சுகம் தனி. ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி வேண்டுமானால் பேராலயத்துக்கு எதிரே இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

தைக்கப் போகிறவர்களுக்கு: நகராட்சியின் வராமோ இணையதளத்தில் மெஷினை முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், வார இறுதியில் கூட்டம் அதிகம். வார நாட்களில் காலை 8 மணிக்கே திறக்கிறார்கள், அந்த நேரம் நல்லது. சேலைக்குப் பொருத்தமான நிறத்தில் நூல், ஃபால்ஸ் துணி, குண்டூசி எல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். பட்டு என்றால் மெல்லிய ஊசியும் சேர்த்து.