பால் பைத்தானுக்கு வெப்பப் பெட்டி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இங்கிலாந்தில் வீட்டில் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு) வளர்க்க உரிமம் தேவையில்லை. குளிரைச் சமாளிப்பதுதான் வேலை. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு இது. ஹாலில் 19 டிகிரி இருந்தால் நமக்குப் போதும். இதற்கு விழுங்கிய எலி செரிக்கவே வெளியிலிருந்து சூடு வேண்டும்.

பெட்டி மரத்தில் செய்தது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், முன்னால் நகர்த்தும் கண்ணாடி. கண்ணாடித் தொட்டியைவிட மரம் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கிறது. உள்மூலைகளில் மீன்தொட்டிக்கான சிலிகான் பூசியதால் மரம் இன்னும் ஊறவில்லை.

பெட்டியோடு கடையில் கொடுத்த ஹீட் மேட்டை (அடியில் விரிக்கும் மின்சூட்டு விரிப்பு) முதல் குளிர்காலத்தோடு எடுத்துவிட்டேன். அதில் தரைதான் சுடுகிறது, காற்று சூடேறுவதில்லை. இப்போது பகலில் ஹாலோஜன் பல்பு, இரவில் செராமிக் ஹீட்டர். ஹாலோஜனின் சூடு தோலோடு நிற்காமல் உள்ளே இறங்கும். வெயில் காய்வதற்கு ஈடாக வீட்டுக்குள் கொடுக்க முடிவது அதுதான். செராமிக்கில் வெளிச்சம் கிடையாது, இருட்டில் நடமாடும் பாம்புக்குத் தொந்தரவில்லை. இரண்டுக்கும் கம்பிவலைக் கூண்டு கட்டாயம். இல்லாவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு படுத்துவிடும், தோல் வெந்தாலும் சட்டென்று விலகாது.

பணத்தை முதலில் சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டில் போடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஹாலோஜனுக்கு மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை, செராமிக்குக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் பல்ஸ் வகை. மலிவான ஆன்-ஆஃப் வகையில் பல்பு அணைந்து அணைந்து எரியும், சீக்கிரம் ஃபியூஸும் போகும். தெர்மோஸ்டாட்டுக்காகச் சூட்டை அளக்கும் சென்சார் வயரைப் பெட்டிச் சுவரில் கிளிப் அடித்து இறுக்க வேண்டும். பாம்பு உடம்பால் அதைத் தள்ளிக் குளிர்ந்த பக்கம் கொண்டுபோய்விட்டால், ஹீட்டர் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம்; செதிலில் ஒட்டினால் தோலோடு வரும்.

பெட்டி முழுக்க ஒரே சூடு இருக்கக் கூடாது. ஒரு கோடியில் 32 டிகிரி, மறுகோடியில் 25, 26. எங்கே படுப்பது என்பது அதன் விருப்பம். அந்த விருப்பம் உண்மையில் கிடைக்க இரண்டு பக்கமும் உடம்பு இடிக்கிற அளவுக்குக் குறுகலான பொந்து வேண்டும். குளிர்ந்த பக்கம் மட்டும் பொந்து இருந்தால், சூடு தேவைப்பட்டாலும் பயந்துகொண்டு அங்கேயே கிடக்கும்.

குளிர்காலத்தில் அறை ஹீட்டர் ஓடினால் காற்று வறண்டுவிடும். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பி, மூலைகளில் தண்ணீர் ஊற்றினால் அடியில் ஈரம், மேலே காய்ந்த தரை. மேலாகத் தெளித்தால் வயிற்றுச் செதில் அழுகும். ஈரம் சரியாக இருக்கும்போது சட்டை ஒரே துண்டாக உரிகிறது. தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணின் மேல்தோலும் இரண்டு சின்ன வட்டங்களாக அதிலேயே தெரியும். ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் தேடுகிறேன். வட்டம் இல்லையென்றால் கண்ணில் தோல் தங்கிவிட்டது என்று அர்த்தம். விரலால் உரிக்காமல், ஈரத்தைக் கூட்டி அடுத்த சட்டைவரை பொறுக்கலாம். அப்போதும் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: நம் காட்டு மலைப்பாம்பை வீட்டில் வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சொன்னது எதுவும் அதற்கானதல்ல.