காகித ஜாமீன், ரொக்க ஜாமீன், மின்னணுப் பிணை: ஜாமீன்தாரர் பக்கம் நின்று ஓர் அலசல்

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் தூத்துக்குடி மாவட்டத்து இளைஞர் ஒருவருக்கு அண்மையில் ஜாமீன் வாங்கினோம். கைகலப்பு வழக்கு. உத்தரவு வழக்கமானதுதான்: 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இருநபர் ஜாமீன். ஊரிலிருந்து ஆள் கூட்டி வருவதா, ரொக்கமாகக் கட்ட அனுமதி கேட்டு மனுப் போடுவதா என்று வீட்டாருடன் பேசிப் பார்த்து, கடைசியில் ஆள் ஜாமீனே கொடுத்தோம். காகிதத்துக்குப் பதில் கணினி வழியே எழுதித் தரும் மின்னணுப் பிணைப் பத்திரம் என்று மூன்றாவது வழி ஒன்று எங்களுக்குத் திறந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். அதற்கு ஒழுங்கான விதிகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நிபந்தனை.

ரொக்கத்தை முதலில் முடித்துவிடலாம். பிஎன்எஸ்எஸ் எனும் புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 490ஆவது பிரிவின்படி (பழைய சட்டத்தில் 445), நீதிமன்றம் அனுமதித்தால் பத்திரத்துக்குப் பதில் பணமாகவே கட்டலாம். நன்னடத்தைப் பத்திரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. உறவென்று சொல்ல யாரும் இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வழக்கு முடியும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். இந்தக் குடும்பம் வட்டிக்கு வாங்கித்தான் கட்டியிருக்க வேண்டும். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

ஆள் ஜாமீன் எப்படி நடக்கும் என்பது நீதிமன்ற வராந்தாவில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் ராத்திரி பஸ் ஏறி வந்தார்கள். பத்திரத்தில் ஃபோட்டோ ஒட்டி, இடது பெருவிரல் ரேகை வைத்து, ஆதார் நகல் இணைக்க வேண்டும். சொத்துக்குச் சான்றாக ஒருவர் கொண்டுவந்த வீட்டு வரி ரசீது, காலமான அவருடைய அப்பா பெயரில் இருந்தது. அவருக்குப் பதில் இன்னொருவர் கிளம்பி வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது. அந்த இளைஞருக்குச் சிறையில் இன்னொரு ராத்திரி.

1978இல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்ததும், வெளியூர் ஜாமீன்தாரரை ஒதுக்கும் ஊர்ப் பாகுபாட்டைத்தான். ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டுவிட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டிருந்தது. 31.1.2023 அன்று உச்ச நீதிமன்றமும், உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பதால் விடுதலை தாமதமாகிறது, அப்படி நிபந்தனை போடாமல் இருக்கலாம் என்றது. ஜாமீன் உத்தரவின் மென்நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. ஆக, உத்தரவு மின்னஞ்சலில் போய்ச் சேர்கிறது, பத்திரம் மட்டும் இன்னும் பஸ்ஸில் வருகிறது.

சட்டத்தில் பெரிய தடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிஎன்எஸ்எஸ் 530, நடவடிக்கைகளை மின்னணு முறையில் நடத்த இடம் தருகிறது. மின்னணுக் கையொப்பத்தைத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. தூரமும் நேரமும் மிச்சம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் மின்னணுப் பக்கம் சாய்வது வேகத்துக்காக அல்ல. கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போன ஜாமீன்தாரருக்கு அப்புறம் என்ன ஆகிறது? காகிதப் பத்திரம் வழக்குக் கட்டுக்குள் போய்விடுகிறது. வழக்கு வருடக்கணக்கில் ஓடும். ஜாமீன்தாரர் அந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல, வாய்தா தேதியை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வராமல் இருந்து பிடியாணை பிறப்பித்தாலும் அவர் காதுக்கு எட்டாது. தொகையை ஏன் வசூலிக்கக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் 491இன் கீழ் நோட்டீஸ் வரும்போதுதான் அவருக்கே விஷயம் தெரியும். கட்டாவிட்டால் அபராதத்தைப் போல வசூலிப்பார்கள். அப்படியும் வசூலாகவில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறை. இத்தனைக்கும், என்னை விடுவியுங்கள் என்று எப்போது வேண்டுமானாலும் மனுப் போடும் உரிமை 489இல் இருக்கிறது. ஆள் கைமீறிப் போவது முன்கூட்டியே தெரிந்தால்தானே மனுப் போட முடியும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று ஜாமீன்தாரர் 486இன் கீழ் உறுதிமொழி தர வேண்டும். காகித முறையில் அதைச் சரிபார்க்க நீதிமன்றத்துக்குச் சுலபமான வழி இல்லை. காசுக்கு ஜாமீன் நிற்கும் ஆட்கள் ஒரே வீட்டு வரி ரசீதைப் பல நீதிமன்றங்களில் காட்ட முடிவது இதனால்தான். அதே சமயம், ஒருவரே பல வழக்குகளில் நிற்பது தப்பும் அல்ல. 13 வழக்குகளில் சிக்கித் தனித்தனி ஜாமீன்தாரர் கிடைக்காமல் தவித்த ஒருவருக்கு, அதே ஆட்கள் பல வழக்குகளுக்கும் நிற்கலாம் என்று 2024இல் கிரிஷ் காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பொதுவான பதிவேடு ஒன்று இருந்தால் நேர்மையானவருக்கும் நல்லது, நீதிமன்றத்துக்கும் நல்லது.

அதனால் விதி எழுதுபவர்களிடம் நான் கேட்பது இதுதான். பத்திரத்தை வழக்கின் சிஎன்ஆர் எண்ணோடு (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) கோர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு வாய்தாவும், குறிப்பாகப் பிடியாணையும், ஜாமீன்தாரர் செல்லுக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். விடுவிப்பு மனுவையும் மின்னணு முறையிலேயே போட வசதி வேண்டும். தீர்ப்பு வந்து பொறுப்பு முடிந்ததும் பத்திரத்தை முடித்துவைத்து, ‘இனி உங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று அவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். வெறும் ஓடிபியை மட்டும் வைத்துப் பத்திரத்தை ஏற்கவே கூடாது. வயதான அம்மா ஒருவரின் செல்லை வாங்கி ஓடிபியைப் படித்துச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் போதும். அவரவர் ஊர் நீதிமன்றத்தின் இ-சேவை மையத்திலோ காணொலியிலோ ஓர் அலுவலர் முன்னிலையில், தொகையையும் பொறுப்பையும் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே ஒப்பம் வாங்க வேண்டும். செல் இல்லாதவருக்குக் காகித வழியும் அப்படியே இருக்கட்டும்.

தொகை வசூல் மின்னணு முறையில் எப்படிப் போகும் என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வசூல் சுலபமாகிவிட்டால் ஏழை ஜாமீன்தாரர்மீது அது வேகமாகப் பாயுமோ என்ற பயம் எனக்கு உண்டு. தண்டத் தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய 491 நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த இடத்தில் இயந்திரம் தானாக முடிவெடுக்காமல் நீதிபதி உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதிவிடுவது நல்லது.

இப்போதைக்கு எங்கள் அலுவலகத்தில், பத்திரத்தில் ரேகை வைத்த கையோடு ஜாமீன்தாரர் செல்லில் இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கி, வழக்கின் சிஎன்ஆர் எண்ணைச் சேர்த்து, அடுத்த வாய்தாவை எப்படிப் பார்ப்பது என்று குமாஸ்தா காட்டிக்கொடுத்து அனுப்புகிறார்.