காசு சேகரிப்பவர்களின் கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட்: 500 ரூபாய்க்கு நம்பிச் சேரலாம்

கோவையில் பொழுதுபோக்காக நாணயம் சேகரிக்கிறவர்கள் சிலர் ஒன்றுகூடி டிசம்பர் கடைசியில் நடத்துகிற பரிசுப் பரிமாற்றத்தைப் பற்றிப் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரலாம், பணம் வீண் போகாது. குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

விளையாட்டு நமக்குத் தெரிந்ததுதான். காலேஜிலும் ஆபீஸிலும் விளையாடுகிற அதே கிறிஸ்மா–கிறிஸ்சைல்ட். டிசம்பர் முதல் வாரத்தில் சீட்டுக் குலுக்கி உங்கள் ‘சைல்ட்’ யார் என்று சொல்வார்கள், உங்களுக்கு வாங்கித் தரப்போகிற ‘மா’ யார் என்பது கவரைப் பிரிக்கும் வரை தெரியாது. பரிசு 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஹால் வாடகைக்கும் டீ, ப்ளம் கேக்குக்கும் தலைக்கு 50 ரூபாய் தனி. கிறிஸ்மஸ் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் பிரிக்கிறோம், வெளியூர்க்காரர்களுக்குக் கூரியரில் போகும்.

இதை மற்ற பரிமாற்றங்களிலிருந்து தனியாக நிறுத்துவது, பெயர் கொடுக்கும்போது நிரப்பச் சொல்கிற ஒரு பக்கப் படிவம். என்ன சேர்க்கிறீர்கள், ஏற்கெனவே என்ன இருக்கிறது, எது வேண்டவே வேண்டாம், இவ்வளவுதான் கேள்வி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாமே பழைய காசுதான், ஆனால் நயா பைசா மட்டும் சேர்க்கிற ஒருவரிடம் விக்டோரியா ராணி போட்ட வெள்ளி ரூபாயை நீட்டினால் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார், அவர் மனசு தேடுவதோ 1957-இல் தொடங்கி 1964 வரை ஓடிய அந்த வரிசையில் விட்டுப்போன ஏதோ ஒரு வருடத்தை. இன்னொருவர் இப்போது புழங்குகிற ஒரு ரூபாயையே அச்சடித்த இடம் பார்த்துச் சேர்க்கிறார்: வருடத்துக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. அவருக்கு வேண்டியது நம் சட்டைப் பையிலேயே இருக்கக்கூடும், ஆனால் எது வேண்டும் என்று தெரிந்தால்தானே எடுத்துக் கொடுக்க முடியும்? படிவம் அந்த வேலையைச் செய்கிறது.

நான் என் படிவத்தில் தமிழ் எழுத்து உள்ள காசுகள் என்று எழுதியிருந்தேன், சிங்கப்பூர் காசு நிறைய இருக்கிறது என்றும் சேர்த்திருந்தேன். எனக்கு வந்தது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த டூடூ. சின்னச் செம்புக் காசு, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் பழைய எழுத்தில் புதுச்சேரி என்று ஊர்ப் பெயர். காசைவிட என் ‘மா’ அதை வைத்திருந்த விதம் என்னை அசத்திவிட்டது. நடுவில் வட்ட ஜன்னல் வைத்த சதுர அட்டை ஹோல்டர், சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடித்து, பின் முனை எதுவும் துருத்திக்கொண்டு நின்று பக்கத்துக் காசைக் கீறிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பின்னையும் குறடால் அழுத்தித் தட்டையாக்கியிருந்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: காரைக்காலில் பழைய செம்பு, பித்தளை எடைக்கு எடுக்கிற கடையில் கிடைத்தது, விளிம்பில் ஓர் இடத்தில் அடிபட்டிருக்கிறது, கழுவவில்லை. அடிபட்டதையும் மறைக்காமல் எழுதியிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தச் சீட்டு வைப்பது விதியிலேயே இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள், என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதாமல் கவரை ஒப்படைக்க முடியாது.

கழுவவில்லை என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று புதியவர்கள் கேட்கலாம். நம் வீடுகளில் செம்பு, பித்தளை என்றாலே கை தானாகப் புளியைத் தேடிப் போகும். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது கொலை. பல வருடம் காற்றும் கையும் பட்டுப் படிந்த பழுப்புப் படலம்தான் செம்புக் காசின் தோல், புளி போட்டுத் தேய்த்தால் அது உரிந்து, வெறும் ரோஸ் நிறத்தில் பளபளவென்று உயிரில்லாமல் நிற்கும், அந்தப் பழைய நிறம் திரும்ப வரவே வராது. இந்த வருடமும் ஒருவருக்கு அப்படித் தேய்த்த ஐந்தாம் ஜார்ஜ் காலணா ஒன்று வந்தது. கொடுத்தவர் சேகரிப்புக்குப் புதியவர், அழகாகத் தரவேண்டும் என்ற ஆசையில் செய்திருக்கிறார். நடத்துகிறவர்கள் அவரைக் கூட்டத்தில் நிறுத்திக் கேட்காமல் தனியாக உட்காரவைத்து விளக்கினார்கள், வாங்கியவருக்குக் கையிருப்பிலிருந்து வேறு காலணா கொடுத்தார்கள். அந்தப் பக்குவத்துக்காகவே அவர்களுக்கு மதிப்பெண் கூடப் போடலாம்.

இன்னும் சரிசெய்யவேண்டிய பெரிய குறை, பிளாஸ்டிக் உறை. மெத்தென்று வளைகிற, புது ரெயின்கோட் வாசம் அடிக்கிற உறையில் போட்டு நிறையப் பேர் கொண்டுவந்தார்கள். அது பிவிசி. நாளாக ஆக அது சிதைந்து அமிலம் கசியும், செம்பு கலந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும், விட்டால் உலோகத்தையே தின்றுவிடும். தொட்டால் மொடமொடக்கிற, மைலார் என்கிற வேறு வகை பிளாஸ்டிக் உறையோ அட்டை ஹோல்டரோ வாங்கினால் போதும், அப்படியொன்றும் விலை அதிகமில்லை. விதியில் பிவிசி கூடாது என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் வாசலில் யாரும் பார்ப்பதில்லை. அடுத்த வருடம் அந்த 50 ரூபாயை 70 ஆக்கி ஆளுக்கு ஒரு நல்ல ஹோல்டரைக் கையில் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை அதோடு தீரும்.

போலி விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஒரு பையனுக்கு வந்த கவரில் 1818 என்று வருடம் போட்ட, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு இருந்தது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை, அதெல்லாம் பின்னால் யாரோ அச்சடித்து விற்ற வில்லைகள், கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் இப்போதும் கிடைக்கும். கொடுத்தவரும் ஏமாந்துதான் வாங்கியிருக்கிறார். அந்த இடத்திலேயே பெரியவர் ஒருவர் இது ஏன் கம்பெனிக் காசு இல்லை என்று எடுத்துச் சொன்னார், பையனுக்கு ஓட்டைக் காலணா ஒன்று கிடைத்தது. உலகப் போர் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு என்று கேட்டதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

நினைவு நாணயங்கள் கொஞ்சம் அலுப்பு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-இல் வந்த ஐந்து ரூபாய் அழகான காசுதான், ஆனால் எத்தனை கவரில் பார்ப்பது? நினைவு நாணயம்தான் கொடுப்பேன் என்றால் 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசுகளைத் தேடுங்கள், 1, 2, 5 ரூபாய் என்று மூன்று மதிப்பில் வந்தன. மூன்றையும் ஒரே அட்டையில் வைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் மறக்கமாட்டார்.

என் சைல்ட் ஏழாவது படிக்கிற பாப்பா, விலங்கு, பறவை உள்ள காசு மட்டும் வேண்டும் என்று எழுதியிருந்தாள். காண்டாமிருகம் போட்ட 25 பைசா, 1947-இல் வந்த புலி ஒரு ரூபாய், சிங்கப்பூரின் 1967 வரிசையிலிருந்து கடல்குதிரை 10 சென்ட், வாள்மீன் 20 சென்ட் எல்லாம் சேர்த்தும் 500-க்குள் முடிந்தது. கூடவே சின்னக் காந்தம் ஒன்றும் வைத்தேன். காண்டாமிருகமும் புலியும் டக்கென்று ஒட்டிக்கொண்டன, மீனும் குதிரையும் அசையவில்லை. முதலாவது துருப்பிடிக்காத எஃகு, புலி ரூபாய் சுத்த நிக்கல், சிங்கப்பூர் காசுகளில் நிக்கலோடு செம்பு கலந்திருப்பதால் காந்தம் இழுக்காது என்று சொன்னதும் ஹாலில் இருந்த ஒவ்வொருவர் காசையும் வாங்கிச் சோதிக்கக் கிளம்பிவிட்டாள். "இந்தக் காண்டாமிருகத்தைக் கடைல கொடுத்தா வாங்குவாங்களா அங்கிள்?" என்று கேட்டாள். 2011 ஜூன் மாதக் கடைசியோடு 25 பைசா செல்லாமல் போன கதையை அவளுடைய அப்பாதான் சொன்னார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். கூரியர் ஏற்பாடு சுமார்தான், ஒரு கவர் புத்தாண்டு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது, உள்ளே காசு கலகலவென்று ஆடிக்கொண்டு இருந்ததாம். அட்டையோடு சேர்த்து டேப் ஒட்டி அனுப்புங்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து பெயர் கொடுக்கிறவர்களுக்கு நூறு வருடத்துக்கு உட்பட்ட காசு மட்டும்தான் அனுப்புகிறார்கள். நூறு வருடம் ஆன காசு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. எனக்கு வந்த டூடூ மாதிரி ஒன்றை அங்கே எதிர்பார்த்துப் பெயர் கொடுக்காதீர்கள்.

அப்புறம், வைஷ்ணவ தேவி உருவம் போட்ட காசு இருந்தால் லட்சம் கிடைக்கும் என்று மொபைலில் வருகிற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இங்கே வந்தால் யாராவது வாங்குவார்கள் என்று நினைத்துச் சேரவேண்டாம். அப்படிப் பழைய காசை வாங்குவதாகச் சொல்லி ஏமாற்றுகிற ஆட்கள் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. இங்கே விற்பனை கிடையாது, நீங்கள் ஒருவருக்காகத் தேடவேண்டும், உங்களுக்காக இன்னொருவர் தேடுவார்.

படிவம் நவம்பரிலேயே சுற்றுக்கு வந்துவிடும், ஏற்கெனவே இருக்கிற யாராவது ஒருவர் உங்களைத் தெரியும் என்று சொன்னால் போதும். நிரப்பும்போது ‘பழைய காசு எதுவானாலும் சரி’ என்று மட்டும் எழுதாதீர்கள், அப்படி எழுதினவர்களுக்குத்தான் பெரிய கோயில் ஐந்து ரூபாய் போனது. எந்த நாடு, எந்த வருடம், எந்த உலோகம் என்று எவ்வளவு குறிப்பாக எழுதுகிறீர்களோ அவ்வளவு நல்லது. நான் அடுத்த முறை இலங்கைக் காசு என்று எழுதப்போகிறேன், சிலோன் என்று இருந்த காலத்துக் காசு கிடைத்தால் இன்னும் சந்தோஷம்.