அரங்கேற்றத்துக்கெண்டு கெமரா வாங்கி ஏமாந்த கதை, கொழும்பில வாங்கப் போற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ

மூத்த மகள்ட அரங்கேற்றம் போன மாசம் வெள்ளவத்தை ராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில நடந்தது. எட்டு வருசம் பழகின பிள்ளை. அதுக்கெண்டு நான் வாங்கின கெமராவைப் பற்றித்தான் எழுதுறன், எனக்கு நடந்தது இன்னொரு அம்மாவுக்கு நடக்கக் கூடாது, கொஞ்சம் நீளம், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல போட்டோகிராபர் ஒராளைத்தான் கேட்டனாங்கள். படம், வீடியோ, அல்பம் எல்லாம் சேத்து அவர் சொன்ன தொகையில அரைவாசிக்கே ஒரு கெமரா வாங்கலாம், பேந்து சின்னவள்ட சாமத்திய வீட்டுக்கும் உதவும் எண்டு நானும் இவரும் கதைச்சு முடிவெடுத்தம். அண்ணாட மகன் நல்லாப் படம் எடுப்பான், அவனே எடுக்கட்டும் எண்டு நினைச்சம். யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவுக்குக் கால் ஏலாது, வரமாட்டா, பேத்தி ஆடுறதைப் படத்திலயாவது வடிவாப் பாக்கட்டும் எண்டதுதான் எனக்குப் பெரிசா இருந்தது.

பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு கடை. பேர் போடேல்ல. உள்ளுக்குப் போனவுடனேயே எல்லாத்தையும் தெளிவாச் சொன்னன்: அரங்கேற்றம், மேடை லைட் மட்டும்தான், பிளாஷ் அடிக்க டீச்சர் விடமாட்டா, பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும், பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நிண்டுதான் எடுக்கோணும். இவ்வளவையும் கேட்டுப்போட்டுத்தான் கடையில நிண்ட பொடியன் "அக்கா, உங்களுக்கு டிஎஸ்எல்ஆர்தான் சரி" எண்டு அலுமாரிக்குள்ள இருந்து ஒண்டை எடுத்தவர். லென்ஸைக் கழட்டி மாத்திற பெரிய கெமராதான் டிஎஸ்எல்ஆர், அது எனக்கு அப்ப தெரியாது. கறுப்பு நிறம், நல்ல பாரம், முன்னால நீட்டு லென்ஸ், பாத்தா கலியாண வீட்டில போட்டோகிராபர்மார் கழுத்தில போட்டிருக்கிறதேதான். "60 எக்ஸ் சூம் இருக்கு, மற்ற டிஎஸ்எல்ஆர் எண்டா லென்ஸ் மாத்தி மாத்திக் கரைச்சல், இதில எல்லாம் ஒண்டிலயே இருக்கு" எண்டார். பேந்து வெளிய கூட்டிக்கொண்டு போய் காலி வீதிக்கு அங்கால லைட் கம்பத்தில இருந்த காகத்தைக் காட்டினவர், காகத்தின்ர கண் வரைக்கும் தெரியுது. பகல் பன்னிரண்டு மணி வெயில். அந்த வெயிலை வைச்சுத்தான் என்னை ஏமாத்தினவை எண்டது இப்பதான் விளங்குது. 165,000 ரூபா குடுத்தன். 128 ஜிபி மெமரி கார்டும் ட்ரைபொடும் "பிறீ" எண்டு தந்தவை.

அரங்கேற்றத்தண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு, சலங்கை கூடக் கழட்டாம மகள் பக்கத்தில வந்து இருக்க, கொம்பியூட்டர்ல படங்களைத் திறந்தம். அலாரிப்பில கை நீட்டின படம் ஒண்டு, அதில கையே இல்லை, தோளில இருந்து வெள்ளையா ஒரு புகை போகுது. ஜதிஸ்வரத்தில முத்திரை பிடிச்ச விரலுகள் ஏழெட்டு இருக்கிற மாதிரிக் கலங்கிக் கிடக்கு. அவள் அசையாம நிண்ட படங்களிலயும் முகம் மெழுகு பூசின மாதிரி, ஒரு மணித்தியாலம் இருந்து எழுதின கண் மை ஒரு கறுப்புத் திட்டு. அண்ணாட மகன் அழுதிட்டான், தான் பிழையா எடுத்திட்டன் எண்டு. அவன்ல ஒரு பிழையும் இல்லை.

அடுத்த கிழமை வேலை இடத்தில படம் எடுக்கிற ஒரு அண்ணாட்டக் காட்டினன். வாங்கிப் பாத்த உடனேயே "தங்கச்சி, இது டிஎஸ்எல்ஆர் இல்லை, பிரிட்ஜ் கெமரா" எண்டார். லென்ஸ் கழராது. வெளித் தோற்றம் பெரிசு, ஆனா உள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சர் இருக்கே, அது 6.2க்கு 4.6 மில்லிமீட்டர்தான், ஒரு உளுத்தம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு. சாதாரண டிஎஸ்எல்ஆருக்குள்ள இருக்கிறது கிட்டத்தட்ட 22க்கு 15, பரப்பில பன்னிரண்டு மடங்கு. ஃபுல் ஃபிரேம் எண்டு சொல்லுறது 36க்கு 24. சின்ன சென்சருக்கு வெளிச்சம் காணாட்டி உள்ளதை இழுத்துப் பெருப்பிக்கும், அதாலதான் புள்ளி புள்ளியா வாறது, அதை அழிக்க அது தானே முகத்தைத் தேய்ச்சு விடும், மெழுகு அங்க இருந்துதான் வந்தது. சூமும் அப்பிடித்தான். என்ர கெமரா லென்ஸில 2.8 - 6.5 எண்டு எழுதியிருக்கு, அது வடிவுக்கு எழுதினதில்லை, அந்த நம்பர் கூடக் கூட உள்ள போற வெளிச்சம் குறையும். சூம் பண்ணாம வைச்சா 2.8, முழுசா இழுத்தா 6.5, அந்த இடத்தில உள்ள போற வெளிச்சம் அஞ்சில ஒரு பங்குதான். வெளிச்சம் காணாததால கெமரா கனநேரம் திறந்து வைச்சிருக்கும், எங்கட படங்கள் கனக்க செக்கனில 30இல ஒரு பங்கில எடுபட்டிருக்கு, ஆடுற பிள்ளைக்கு 250இல ஒண்டாவது வேணுமாம். யால காட்டில யானை பாக்க, பகல்ல தேர் எடுக்க அது நல்ல கெமராதான், அதை நான் பழிக்கேல்ல. மேடை எண்டு சொல்லிக் கேட்ட ஆளுக்கு அதைத் தந்ததுதான் அநியாயம்.

இதைவிடப் பெரிய இடி மெமரி கார்ட். இடைவேளை வரைக்கும் உள்ளது கலங்கலா எண்டாலும் இருக்கு. பதம், தில்லானா, மங்களம், டீச்சரிட்ட ஆசீர்வாதம் வாங்கினது, ஒண்டும் இல்லை. பேர் இருக்கு, சைஸ் இருக்கு, திறந்தா சாம்பல் நிறப் பெட்டி. கார்டில 128 எண்டு அடிச்சிருக்கு, கெமராவும் 128 எண்டுதான் காட்டினது, உள்ள உண்மையில இருந்தது 16 ஜிபி. மிச்சத்தை எழுதின மாதிரிக் காட்டிப்போட்டு எறிஞ்சிருக்கு, அதால மீட்டெடுக்கவும் வழியில்லை. நான் கடையில ஒராளிட்ட முழு நம்பிக்கையையும் வைச்சிட்டு வந்தன், அந்த ஆள் போலிக் கார்டைக் கையில வைச்சு "சந்தோசமாப் போட்டு வாங்கோ அக்கா" எண்டு அனுப்பினவர்.

திரும்பிப் போனன். "வித்த சாமான் திருப்பி எடுக்கிறேல்ல" எண்டிச்சினம், டிஎஸ்எல்ஆர் எண்டு தாங்கள் சொல்லவே இல்லையாம். பில்லை விரிச்சுப் பாத்தா "டிஜிட்டல் கெமரா 1" எண்டு மட்டும்தான் இருக்கு, கார்டைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அதால பில்லில மொடல் பேர், சீரியல் நம்பர், பிறீயாத் தாறது எண்டாலும் அந்தக் கார்டின்ர பேர், வொரண்டி ஆர் தாறது, எல்லாம் எழுதுவிச்சு வாங்குங்கோ, எழுத மாட்டம் எண்டா எழும்பி வாங்கோ. நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்திட்டன். 1977க்குப் போன் அடிச்சா வழி சொல்லுவினம், வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கோணும், தள்ளிப் போடாதேங்கோ.

நீங்கள் வாங்கப் போனா முதல் கேள்வியா "லென்ஸைக் கழட்டிக் காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ. கழருறது ரெண்டு வகை, உள்ள முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி ஒண்டு இருக்கிற டிஎஸ்எல்ஆர், அது இல்லாத மிரர்லெஸ். கெனனும் நிக்கோனும் 2018இல ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் இறக்கின பிறகு புதுசா வாறது கூடுதலா மிரர்லெஸ்தான், அதால பழைய டிஎஸ்எல்ஆர் செகண்ட் ஹாண்டில நல்ல விலைக்கு வரும், அது எங்களுக்குப் போதும். ஆனா கூட வாற 18-55 லென்ஸும் மேடைக்குக் காணாது, அதுவும் இழுத்தா 5.6. அந்த அண்ணா சொன்னது 50 மில்லிமீட்டர் 1.8 லென்ஸ், சின்னது, லென்ஸுகளுக்குள்ள மலிவானது, 5.6ஐ விடப் பத்து மடங்கு வெளிச்சம் விடும், சூம் இல்லை, அதால முன் வரிசையில இருந்து எடுக்கோணும். மிரர்லெஸில சத்தம் வராம எடுக்கிற முறையை மேடை எல்ஈடி லைட்டுக்குக் கீழ போடாதேங்கோ, படத்தில கோடு கோடா வரும். ஒரே ஒரு நாளுக்கெண்டா வாடகைக்கு எடுக்கலாம், எனக்கு அது முதலே தெரிஞ்சிருந்தா 165,000 போயிருக்காது.

கடைக்கு வெளிய வெயிலில காட்டினா பாக்காதேங்கோ. உள்ளுக்கு லைட் குறைஞ்ச மூலையில ஒராளைக் கையை வீசச் சொல்லி, சூம் பண்ணி எடுத்து, திரையில பெருப்பிச்சு விரலைப் பாருங்கோ. கார்டை வீட்ட கொண்டு போய் வீடியோக்களால முழுக்க நிரப்பி, கடைசியாப் போட்டதைத் திறந்து பாருங்கோ. விசேசத்துக்கு முதல் நாள் இல்லை, ஒரு கிழமைக்கு முதல்.

கடைசியா ஒரு உதவி. அண்டைக்கு மண்டபத்தில இடப்பக்கம் ரெண்டாவது வரிசையில பச்சைச் சீலை கட்டின ஒரு அக்கா தில்லானா நேரம் போனைத் தூக்கி எடுத்துக்கொண்டு இருந்தவா. மகள் மேடையில இருந்தே கண்டிருக்கிறாள். டீச்சருக்கும் ஆரெண்டு தெரியேல்ல. ஆருக்காவது தெரிஞ்சா எனக்கு இன்பொக்ஸில சொல்லுங்கோ, அரை நிமிசம் இருந்தாலும் காணும், அம்மாவுக்கு அனுப்போணும்.